தூளிக் கம்பு

என் கணவன் ஜோஷ்வா ஆறு வருஷமாக வேலி போடுகிறவன். கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை வரை பிளாட் பிரிக்கிற இடங்களில் எல்லாம் அவன் நட்ட சவுக்குக் கம்புகள் நிற்கின்றன. கம்பின் அடியைத் தீயில் வாட்டி, பாதியாக வெட்டிய டிரம்மில் ஒரு நாள் முழுக்க ஊறவைப்பான். டிரம்மில் இருப்பது லாரி ஷெட்டில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலும் உருக்கிய தாரும். மேல்பாதிக்கும் அதையே பிரஷ்ஷால் ஒரு கோட்டு அடிப்பான். கரையான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்று பெருமையடித்துக்கொள்வான்.

எங்கள் வீட்டுக் கரையானோ வாசக்காலைக்கூட விட்டுவைக்காத ரகம். நான் ரெண்டரை மாதப் பிள்ளையோடு ஆரணியில் இருக்கிற அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது தூளி கட்ட இடமில்லை. மேலே சிமெண்ட் ஷீட், கொக்கி மாட்ட வழி கிடையாது. இருந்ததிலேயே உருண்டு திரண்ட கம்பாகப் பார்த்து, இரண்டு சுவருக்கும் குறுக்கே போட்டிருந்தான் ஜோஷ்வா. ஊருக்கெல்லாம் ஒரு கோட்டு அடிக்கிறவன், மகளுக்கு நாலு கோட்டு அடித்திருந்தான். யானை தொங்கினாலும் தாங்கும் என்றான். உன் மகள் அஞ்சு கிலோதான் என்றேன்.

நாலாம் நாளே மகள் ஏஞ்சலுக்கு இடது கன்னத்திலும் கழுத்திலும் சிவப்பாகப் பொரிப் பொரியாக வந்தது. கண்ணில் நீர் வடிந்தது, ஓயாத இருமல் வேறு.

பக்கத்து வீட்டில் இருக்கும் ஜோஷ்வாவின் அக்கா கிரேஸ்தான் எங்களுக்கு எல்லாம். எனக்கு அண்ணி. தாய்ப்பாலில்தான் கோளாறு என்று அவள் சொல்லிவிட்டாள். முதலில் முட்டையை நிறுத்தினாள். அப்புறம் மீன், கத்திரிக்காய், வேர்க்கடலை. இருபது நாளில் நான் இட்லிக்கும் ரசத்துக்கும் வந்து சேர்ந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை, அந்த ரசத்தையும் அவளேதான் வைத்துக் கொண்டுவருவாள். ஆனால் ஏஞ்சலைத் தூக்கும்போதெல்லாம் கன்னத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

இதில் இன்னொன்றும் இருந்தது. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில், அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை ஒரே ஒரு துண்டு சுட்டுத் தின்றேன். அன்று சாயங்காலமே பிள்ளைக்குப் பொரி அதிகமானது. யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட அதைச் சுற்றிவளைத்துத்தான் சொன்னேன்.

தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். நர்ஸ் திலகவதி பிள்ளையைக் கையில் வாங்கியதும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, குழந்தை மேல தார் வாசனை அடிக்குது?"

"அது அவங்க அப்பா வாசனை சிஸ்டர்," என்றேன் சிரித்துக்கொண்டே.

பொய் இல்லை. தலையணை, லுங்கி, பைக் சீட் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான். எங்கள் மூக்குக்கு அது பழகி, இல்லாமலே போய்விட்டது. திலகவதி சிரிக்கவில்லை. பிள்ளை எங்கே தூங்குகிறாள், எதில் தூங்குகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பிள்ளையைச் சுற்றிக் கொண்டுபோயிருந்ததும் அந்தத் தூளிப் புடவைதான். அதைப் பிரித்துக் காட்டினார். முடிச்சுப் போட்ட இடத்திலிருந்து கீழே வரைக்கும் பழுப்பாக ஒரு கறை இறங்கியிருந்தது. மே மாத வெயிலில் ஷீட்டுக்கு அடியில் கம்பு கசிந்து, துணி வழியாக அவள் கன்னம் வரை வந்திருக்கிறது. அந்த நெடியைத்தான் இருபது நாளாக அவள் மூச்சில் இழுத்திருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்து மருந்து எழுதினார். கம்பை இன்றைக்கே கழற்ற வேண்டும், அடுப்பில் மட்டும் வைத்துவிடக் கூடாது, அந்தப் புகை இன்னும் மோசம் என்றார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். கருவாடு இல்லை, நான் இல்லை. ஷேர் ஆட்டோவில் வரும்போதே அண்ணியிடம் என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். ஜோஷ்வாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான்.

வேலையிலிருந்து வந்தவனிடம் மெதுவாகத்தான் சொன்னேன். அவன் உடனே ஸ்டூலைப் போட்டு ஏறிக் கம்பைக் கழற்றினான். சத்தம் கேட்டு வந்த அண்ணி, இவ்வளவு நல்ல கட்டையா, பிள்ளை குளிக்க வெந்நீர் போட ஆகுமே என்று கையை நீட்டினாள்.

"வேணாங்க்கா. அதுல விஷம் கீது," என்றான். என் பக்கம் கையைக் காட்டி, "சோனியா துன்னதுல ஒண்ணும் இல்ல. நான்தான் எம் பொண்ணுக்கு நாலு கோட்டு அடிச்சேன்," என்றான்.

அண்ணி என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். நான் இருபது நாள் சுமந்ததை அவன் ஒரு நிமிஷத்தில் தூக்கிக்கொண்டான். எனக்கு அது தாங்கவில்லை.

அதன் பிறகு அவன் மகள் பக்கமே வரவில்லை. வந்ததும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பான், குளித்தும் வாசலிலேயே உட்கார்ந்துகொள்வான். ஏஞ்சல் பாயில் தூங்கினாள். ஆறாம் நாள் கன்னம் வெறும் கன்னமாக இருந்தது. வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தவனை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். தொடலாமா என்று கேட்பதைப் போலக் கையை நீட்டினான்.

அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அதே பொரி. புதிதாக வந்தது சிவப்பு, பழையது கறுத்துத் தடித்து வெடித்திருந்தது. கம்பி கீறியது, வேர்வை சேராதது என்று நினைத்து இத்தனை நாளும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று திலகவதி கேட்டபோதுகூட, இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

"நாளைக்கு வேலைக்குப் போவாத. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன்.

"அதான் பாப்பாக்கு சரியாயிட்ச்சே."

"அவளுக்கு இருபது நாளு ஜோஷ்வா. உனக்கு ஆறு வருசம்."

அவன் கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தான். நான் விடவில்லை.