சாய்ந்தால் விலகு

எழுந்தான். பல் தேய்த்தான். தண்ணீர் சுட வைத்தான். காப்பித்தூள் இரண்டு கரண்டி எடுத்து, ஒன்றைத் திரும்ப டப்பாவில் கொட்டினான். சட்டையைத் தேய்த்தான், காலர் படியவில்லை. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். மற்ற நாளென்றால் ஆபீசுக்குப் போவான். இன்று ஞாயிறு, மனைவிக்கு நினைவு ஆராதனை. பிரசங்கம் செய்யப்போகிறவர் அவளைப் பெற்றவர்.

முந்தின நாளே மாமனாரிடம் போய்க் கேட்டுப் பார்த்திருந்தான், வேதத்தில் வரும் ஊசாவின் கதையை மட்டும் எடுக்க வேண்டாம் என்று.

அவள் வேலை பார்த்தது கண்ணாடிக் கிடங்கில். ஆளுயரக் கண்ணாடிகளை இரும்புச் சட்டத்தில் சாய்த்து நிறுத்தியிருப்பார்கள். முன்னால் ஒரு பெல்ட் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரே விதி: சாய்ந்தால் விலகு, பிடிக்காதே. அன்று சாய்ந்தது. அவள் விலகவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். அத்தனை கண்ணாடியும் அவள்மேல் இறங்கியது.

முதலாளி இழவு வீட்டிலேயே அந்த விதியைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். மாமனார் அதற்கு வேதத்தில் இடம் தேடிக் கொடுத்தார். கடவுளுடைய உடன்படிக்கைப் பெட்டியை ஏற்றிய வண்டியில் மாடு இடறியது. பெட்டி சாய்ந்தது. ஊசா கையை நீட்டிப் பிடித்தான். தொடக்கூடாததைத் தொட்டதற்காகக் கடவுள் அவனை அங்கேயே அடித்துப் போட்டார். நேற்றும் அதையே சொன்னார்: கீழ்ப்படியாமை, மாப்பிள்ளை.

"விழட்டும்னு வேடிக்கை பாத்திருக்கணுமா மாமா?"

"சொன்னதக் கேட்டிருக்கணும்." பிறகு கிழவரின் குரல் இறங்கியது. "எம்மக காரணமே இல்லாம போனாள்னா, நான் இனிமே யாருகிட்ட ஜெபம் பண்றது?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆலயத்தில் முதல் வரிசையில் முதலாளி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அவர் கொடுத்தது. அதன் வழியாக வந்த வெயில், நன்றி மறக்காமல் அவர் தலையிலேயே விழுந்தது. கடைசி வரிசையில் ரேடியோ. மனைவியோடு வேலை பார்த்த அக்கா. வாய் ஓயாததால் கிடங்கு வைத்த பெயர். சாவுக்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை. நிலையத்தையே மூடிட்டாங்க போல என்று சொல்லிக்கொண்டார்கள்.

மாமனார் எழுந்தார். பிரசங்கத்தில் ஊசாவும் வந்தான். என் மகளும் கை நீட்டினாள், ஆனாலும் கடைசி மூச்சில் "கர்த்தாவே, மன்னியும்" என்று சொல்லித்தான் போனாள் என்றார். நாலைந்து பேர் விசும்பினார்கள். முதலாளி கண்ணைத் துடைத்தார்.

அவன் எழுந்து நின்றான்.

"அந்தப் பெட்டிய தோள்லதான் சுமக்கணும்னு சட்டம் மாமா. மாட்டு வண்டியில ஏத்த விட்டது யாரு? ராஜா. ராஜாவுக்கு ஒரு கீறல் இல்ல, வண்டியோட நடந்தவன் செத்தான். அது அந்த ராஜாவுக்கே பொறுக்கல, கோவம் வந்திடுச்சுன்னு வேதத்துலயே இருக்கு. ராஜா தாவீதுக்கு வரலாம், எனக்கு வரக்கூடாதா?"

தம்பி ஏதோ துக்கத்தில் பேசுகிறான் என்றார் முதலாளி, பக்கத்திலிருந்தவரிடம்.

"உங்க வண்டிய சொல்லுங்க சார். அந்த இரும்புச் சட்டத்துல பெல்ட் இருந்துச்சா?"

அதெல்லாம் பேசுகிற இடமா இது என்று அவர் ஜன்னலைப் பார்த்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தது. பழி மண்ணுக்குள் கிடந்தது.

மாமனார் கையை உயர்த்தினார். மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தானே போனாள், அது போதும் என்றார்.

"கேட்டத யாரு கேட்டாங்க? நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

கடைசி வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ரேடியோ எழுந்திருந்தாள்.

பெல்ட் அறுந்தே மாதக்கணக்காகிறது, சொல்லிச் சொல்லி அலுத்துப்போனோம் என்றாள். அன்றைக்குத் தான் சட்டத்தின் அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஏதோ பாட்டு முனகிக்கொண்டு தரையைத் துடைத்ததாகவும், சாய்ந்ததைப் பார்க்கவில்லை என்றும் சொன்னாள். நிமிர்ந்தபோது அவன் மனைவி கண்ணாடியைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

மாமனார் மேடையை விட்டு இறங்கி வந்தார். வேதப்புத்தகம் மேலேயே கிடந்தது.

"எம்மக என்ன சொன்னாம்மா?"

ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"'ரேடியோக்கா, பாட்டு அப்புறம். கால எடு.'"