தவறணைக் காட்சி

எங்கள் கிறிஸ்தவ சபையில் படங்களைத் துவாயோடுதான் பார்ப்போம். நத்தார் கிழமையில், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் வாடகை ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வந்திறங்கும். ரீவிக்கு வலப்பக்கம் கதிரை போட்டு அழகரத்தினம் மாஸ்டர் இருப்பார். மடியில் பச்சைக் கரை போட்ட பெரிய குளியல் துவாய். ஆகாத காட்சி வந்தால் எழுந்து அதைத் திரைமேல் போடுவார். காட்சி முடிந்ததும் எடுத்து மடித்து மறுபடி மடியில் வைத்துக்கொள்வார். எந்த இடத்தில் போடுவதென்று தெரிய வேண்டுமே. அதற்காக முதல் நாளே தனியாக இருந்து முழுப்படத்தையும் பார்த்துவிடுவார்.

“எங்கட சபையில எல்லாப் படத்தையும் முழுசாப் பாத்த ஒரே மனிசன் மாஸ்டர்தான்” என்று வாலிபர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சத்தத்தையும் குறைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. துவாய்க்குப் பின்னாலிருந்து பாட்டு வந்துகொண்டே இருக்கும். ஆட்டத்தைக் காணாமலே அந்தப் பாட்டுகளை நாங்கள் பாடமாக்கினோம். இப்போதும் எங்காவது பஸ்ஸில் அவற்றில் ஒன்று ஒலித்தால் எனக்குப் பச்சைக் கரைதான் தெரிகிறது.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டையை நிறுத்திப் பேச்சுவார்த்தை நடந்தது. சில மாதங்கள் வெடிச்சத்தம் இல்லை. மண்ணெண்ணெய் வந்தது. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வதும் குறைந்தது. அந்த நாட்களில்தான் வாலிபர் சங்கத்துச் சுகிர்தன் பட்டணத்திலிருந்து ஒரு கசெற் கொண்டுவந்தான். சண்டை தொடங்குவதற்கு முன், எண்பத்திரண்டில், எங்கள் ஊரில் வைத்து எடுத்த படம் அது. எடுத்தபோது சபையில் பெரிய எதிர்ப்பு. ஓர் இளம் சபை ஊழியக்காரன் கள்ளுத் தவறணையில் ஆடுகிற பெண்ணுக்காகக் கோயிலை விட்டுப் போகிறான். படம் அவன் பக்கம் நிற்கிறது. இதுதான் கதை. படக்காரருக்கு யாரும் வீடு கொடுக்கக் கூடாது, கூட்டத்தில்கூட நடிக்கக் கூடாது என்று சபை தீர்மானித்தது. அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் நேசமலர் ரீச்சர். ஞாயிறு பாடசாலையில் எங்கள் எல்லோருக்கும் கற்பித்தவர். அவர் சொன்னால் ஊர் கேட்கும். படக்காரர் தவறணைக் காட்சியை வாவிக்கு அக்கரையில் போய் எடுக்க வேண்டி வந்தது.

படத்தை மண்டபத்தில் போடலாமா என்று பேசச் சபைக் கூட்டம் கூடியது. நானும் அதில் ஓர் அங்கத்தவன்.

“லெந்து நோன்பு காலத்தில படமா?” என்றார் மாஸ்டர். “அதுவும் இந்தப் படம்? நாம பாக்கிறதே ஆதரவு குடுக்கிறதுதான்.”

“ஆருக்கு மாஸ்டர் ஆதரவு?” என்றான் சுகிர்தன். “படம் எடுத்தவன் எந்த நாட்டில இரிக்கானோ. இது கொப்பிக்குக் கொப்பி. பாதி மழக்கோடாத்தான் தெரியும்.”

“நல்லா மறையட்டும். எனக்கு வேல மிச்சம்.”

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “கூடாத படம் எண்டு சபை ஒருக்காச் சொல்லிற்று. வருசம் போனா அது நல்லதாகுமா தம்பி?”

“கதைக்காக இல்ல ஐயா. அதில எங்கட ஊர் இரிக்கி. றோட்டுக்கரைத் தென்னயெல்லாம் நிக்கிது. பழைய துறை நிக்கிது. ஆக்கள் நடந்து திரியிறாங்க.”

தெருவோரத் தென்னைகளை ராணுவம் தறித்து வெளியாக்கி அப்போது ஐந்து வருடம் இருக்கும். அவை இருந்த நாட்களில் வெயில் எங்கள் தெருவில் எப்படி விழுந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். சரியாக வரவில்லை.

நேசமலர் ரீச்சர் முன்வரிசையில் இருந்தார். மாஸ்டர் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சரி, வேணுமெண்டா நான் பாத்துத்தாறன். தவறணைக் காட்சிய முழுசா மறைச்சிற்று மிச்சத்தப் போடலாம்.”

சுகிர்தன் நிலத்தைப் பார்த்தான். “அத மறைக்க ஏலா மாஸ்டர்.”

“ஏன்கா ஏலா? என்ட துவாய் சின்னனா?”

“அதிலதான் எட்வின் அண்ணன் இரிக்கார்.”

எட்வின் ரீச்சரின் ஒரே மகன். எனக்கு வகுப்புத் தோழன். தொண்ணூறில் ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அதே மாதம் வீடும் எரிந்தது. அவன் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. தேடிப் போகிற இடங்களிலெல்லாம் போட்டோ கேட்பார்கள். ரீச்சர் தன் காதுக்கு மேலே கையை வைத்து, “இவ்வளவு உசரம்” என்பார்.

“என்ட மகனா?” என்றார் ரீச்சர். “அந்தப் படம் எடுக்கக்குள்ள அவன் திருகோணமலைக்கு வாலிபர் முகாமுக்கெல்லவா போனவன்? நான்தானே முட்ட அவிச்சுக் கட்டிக் குடுத்தன்.”

“நான் நல்லாப் பாத்தன் ரீச்சர். கையில சிரட்டையோட இரிக்கார். சிரிக்கார்.”

வெளியே ஆடொன்று மண்டபத்துச் சுவரில் முதுகைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு போதகர் மெதுவாக, கசெற்றை ரீச்சர் இப்போது இருக்கிற வீட்டுக்கே கொண்டுபோய்ப் போட்டுக் காட்டலாம், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றார்.

“வேணா ஐயா” என்றார் ரீச்சர். “ஊருக்கு வேணாமெண்டு சொல்லிற்று நான் ஒளிச்சுப் பாக்கிறதா? அந்தப் படம் அண்டைக்கும் கூடாதது. இண்டைக்கும் கூடாதது. என்ட புள்ள அதில இரிக்கான் எண்டதுக்காக நல்லதாகிடாது.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா எனக்கு அவனப் பாக்கோணும்.”

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மண்டபத்திலயே போடுவம்” என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் யன்னல்களைச் சாக்கால் மறைத்துப் படம் போட்டார்கள். மண்டபம் நிறைந்து, பிந்தி வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். ரீச்சர் வெள்ளைச் சேலையில், பாட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவரைப் போலக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் இருந்தார். மாஸ்டர் தன் கதிரையில், துவாயோடு.

தவறணைக் காட்சி வந்ததும் மாஸ்டர் எழுந்தார். நான் பயந்துவிட்டேன். ஆனால் அவர் துவாயைத் திரைமேல் போடவில்லை. நாலாய் மடித்துக் கையில் பிடித்து, ஆடுகிற பெண் இருந்த பக்கத்தை மட்டும் மறைத்தார். அவள் இடப்பக்கம் போனால் துவாயும் போனது. வலப்பக்கம் வந்தால் துவாயும் வந்தது. முன்தினம் முழுவதும் அதைப் பழகியிருப்பார் போலிருந்தது. பின்னாலிருந்து யாரோ, “மாஸ்டரும் நல்லாத்தான் ஆடுறார்” என்றார்கள். ரீச்சர்கூடச் சிரித்தார்.

மற்றப் பாதித் திரையில் நீண்ட மரவாங்கொன்றில் ஆட்கள் இருந்தார்கள். மூன்றாவது ஆள் எட்வின். எங்களுக்கு மறந்தே போயிருந்த அந்த நீண்ட தலைமுடியோடு.

அப்போது ஆடுகிறவள் நேரே அவனிடம் வந்தாள். துவாய் பாதி வழியில் நின்றது. அவளை மறைத்தால் அவனும் மறைவான். அவர் திரும்பி ரீச்சரைப் பார்த்தார்.

“எடுங்க மாஸ்டர்” என்றார் ரீச்சர்.

மாஸ்டர் துவாயை எடுத்துத் தன் தோளில் போட்டார். அவள் முந்தானை எட்வினின் தலையை உரசிப் போனது. அவன் வெட்கப்பட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் என்னவோ சொல்லிச் சிரித்தான். பாட்டுச் சத்தத்தில் அவன் குரல் இல்லை. பிறகு வேறு காட்சி.

“இன்னொருக்கா” என்றார் ரீச்சர்.

சுகிர்தன் கசெற்றைப் பின்னால் ஓட்டினான். இரண்டாம் முறை பார்த்தார். மூன்றாம் முறை அவன் சிரிக்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். கோடுகள் ஓட, முகம் திரையில் துடித்துக்கொண்டு நின்றது. ரீச்சர் எழுந்து கிட்டப் போனார். தொடவில்லை.

“தலமுடியப் பாரு” என்றார். “வெட்டு வெட்டெண்டு எத்தின தரம் சொன்னன்.”

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். பழைய ரீச்சரின் குரலில், “காணும். நிப்பாட்டுங்க தம்பி. மிச்சம் நமக்குத் தேவல்ல” என்றார்.

சுகிர்தன் எழுந்து ரீவியில் கை வைத்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மீன் விற்கிற புஸ்பம். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. படத்தில் ஊர் இருக்கிறதென்று கேள்விப்பட்டு வந்திருந்தார்.

“ரீச்சர், குறை நினைக்காதீங்க. மறுகா ஒரு துறைக் காட்சி வருதாம். அதில எங்கட அப்பாட தோணி போகுதெண்டாங்க. அத மட்டும் பாத்திற்றுப் போறன்.”

“எங்கட வீடும் வருமாம் ரீச்சர்” என்றது சுவரோரத்துக் குரலொன்று.

ரீச்சர் எல்லோரையும் பார்த்தார். அவருக்குத் தெரிந்த எல்லாத் தீர்ப்பும் அப்போது வாயில் இருந்திருக்க வேண்டும். போய்த் தன் இடத்தில் இருந்தார்.

“போடுங்க தம்பி” என்றார்.

படம் ஓடியது. ஊழியக்காரன் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான், ஆடுகிறவள் அழுதாள், அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவரும் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களின் தோளுக்கு மேலால், முழங்கைக்குக் கீழால், பின்னால் தெரிந்த தென்னைகளையும் வேலிகளையும் நடந்துபோகிறவர்களையும் தேடிக்கொண்டிருந்தோம். “ஆ, சீனித்தம்பியர்ட கடை!” “வளைஞ்சு கிறுகிப் போகுதே, அது ஆர்ட சைக்கிள்?” மாஸ்டர் திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு, விரலால் தொட்டுத் தொட்டு வீடுகளைச் சொல்லிக்கொடுத்தார்.

துறைக் காட்சியில் வாவி திரை முழுவதும் விரிந்தது. மூன்று தோணிகள் தூரத்தில் போயின. எது தன் தகப்பனுடையது என்று புஸ்பத்துக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். காட்சி முடியப் போகிறது.

“நடுவில போறது, புள்ள” என்றார் நேசமலர் ரீச்சர். “குனிஞ்சு கம்ப ஊண்டித் தாங்குறார், பாரு. உன்ட அப்பா அப்பிடித்தான் தாங்குவார்.”