முன்பாய்

தார்ப்பாயின் கனத்த மடிப்பை அவள் தையல் மிஷினின் ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். ஹாரன் வாசலில் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. அவன் வாயைத் திறக்காததுதான் காரணம். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே "அண்ணீ, குடிக்கத் தண்ணி!" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கத்துகிறவன். அந்தத் தொண்டைக்காகத்தான் லாரிக்காரர்கள் அவனுக்கு அப்படியொரு பட்டம் கொடுத்திருந்தார்கள். அவள் கணவரோடு மாற்று டிரைவராகப் பல வருஷமாக ஓடுகிறான். இன்று மத்தியானம் தோளில் ஒரு தார்ப்பாய்ச் சுருளோடு, உள்ளே வரலாமா என்று தயங்கும் புது ஆளைப் போல நின்றான். அவனுக்குப் பின்னால் அவள் கணவர் வந்தார்.

"முன்பாய் மூலை பிஞ்சுடுச்சு," என்றார். "தைச்சுக் குடு. பின்பாய் கட்டியாச்சு. இதையும் போட்டுட்டுக் கிளம்பணும்."

லோடின் முன்பாதியை மூடும் அந்தப் பாய்ச் சுருளை ஹாரன் இறக்கி வைத்தான். அவள் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்கவில்லை. "நான் வண்டியில இருக்கேன்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவர் சட்டையைக் கழற்றத் திரும்பியபோது முதுகு முழுக்க மண் ஒட்டியிருந்தது.

"எங்க விழுந்தீங்க?"

"விழல. பலகை வழுக்குச்சு, உக்காந்துட்டேன்."

"உக்காந்தா முதுகுல எப்படி மண்ணு ஒட்டும்?"

"மல்லாந்து உக்காந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். மனுஷனிடம் எதைக் கேட்டாலும் பதில் கையோடு இருக்கும், உண்மைதான் இருக்காது.

ஆனால் சுருளைப் பிரித்ததும் சிரிப்பு போய்விட்டது. மூலையில் இருந்த பித்தளை வளையம், அதைச் சுற்றி அவளே வைத்துத் தைத்த இரட்டை ஒட்டு, அதோடு ஒரு முழத் துணி, எல்லாம் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. எத்தனையோ லாரிகளின் தார்ப்பாய்கள் அவள் கைக்கு வந்திருக்கின்றன. காற்று கிழித்தால் பாய் நீளவாக்கில் கிழியும். ஓர் ஆளின் மொத்தக் கனமும் அதில் தொங்கினால்தான் இப்படி மூலையோடு வரும்.

"மேலேர்ந்தா விழுந்தீங்க?"

"சும்மா தொணதொணக்காத. தலை வலிக்குது."

பின்பக்கம் போய் முகம் கழுவினார். அப்புறம் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். தலையில் காயம் எதுவும் இல்லை. பிடரிக்கு மேலே மட்டும் ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி மெத்தென்று இருந்தது. விரல் பட்டதும் அவர் முகத்தைச் சுளித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாங்க. ஒரு எட்டு."

"போனா எப்படி விழுந்தேன்னு கேப்பான். ஆபீஸுக்குப் போன் போகும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷெட்டுல நாலு வண்டி நின்னுச்சு. நம்ம முறை வர்ற வரைக்கும் யார் காத்திருப்பா? கேட்டுக்கு வெளிய நிறுத்தி ஏறிட்டேன்."

"பெல்ட் போடாமயா?"

"வெளிய பெல்ட்டை எதுல மாட்டறது? ஆகாசத்துலயா?"

ஷெட்டில் வண்டிகளின் தலைக்கு மேலே இரும்புக் கம்பி ஓடும். லோடு மேல் ஏறுகிறவன் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் பாய் விரிக்க வேண்டும். மாட்டாமல் ஏறுகிறவன் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று ஆபீஸில் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர் கையில் இருந்ததோ பக்கப் பலகை இல்லாத நீளமான புது ட்ரெய்லர். எத்தனையோ வருஷம் அடுத்தவன் ஓட்டித் தேய்த்த வண்டிகளையே ஓட்டிய மனுஷனுக்குக் கிடைத்த முதல் புது வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்க மனசு வரவில்லை அவருக்கு.

"வண்டி போனா போகுது," என்றாள்.

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்ட."

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. வீக்கம் வெளியே இருந்தால் பயமில்லை என்று யாரோ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஒட்டுத் துணியை வெட்டி, மூலையில் வைத்து, மிஷினை ஓட்டினாள். சீக்கிரம் தைத்துக் கொடுத்தால் சீக்கிரம் படுப்பார், ஹாரன் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று கணக்குப் போட்டாள்.

அவர் வழக்கம்போல மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மற்ற வளையங்களில் கயிறு கட்ட ஆரம்பித்தார். அவர் கட்டும் முடிச்சு ஒன்று உண்டு. லோடு எவ்வளவு குலுங்கினாலும் இறுகிக்கொண்டே போகும். வாலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அவர் கட்டியதை அவிழ்க்க இதுவரை யாரும் கத்தியைத் தேடியதில்லை.

தைத்து முடித்து அவள் முதல் கயிற்றின் வாலை இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள். கயிறு எங்கேயோ நுழைந்து எங்கேயோ வெளியே வந்து, ஒரு கட்டியாகத் திரண்டிருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் முடிச்சே இல்லை, கயிற்றைச் சும்மா சுற்றிவிட்டிருந்தார்.

"என்னங்க இது?"

அவர் பார்த்தார். நிதானமாக, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு."

விளையாட்டுப் போலக் கேட்டாள். "அது சரி, எந்தப் பாயை முதல்ல விரிக்கணும்?"

"முன்பாயைத்தான்," என்றார். "அது மேலதான் பின்பாய்."

இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதுதான். பின்பாயை முதலில் விரித்து, அதன் விளிம்பு மேல் முன்பாய் ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் அடிக்கிற காற்று வழுக்கிக்கொண்டு போகும். மாற்றிப் போட்டால் காற்று இடுக்கில் புகுந்து பாயைத் தூக்கி எறிந்துவிடும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்லுகிறவர் அவர்.

"படுத்துக்கங்க. நான் இதோ வந்துட்டேன்," என்று தலையணையை எடுத்துப் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு ஓடினாள்.

ஹாரன் வண்டியில் ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் கிடந்தான்.

"தம்பி, என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"நீ இவ்வளவு மெதுவாப் பேசி நான் பாத்ததே இல்ல. சொல்லு."

"சத்தியம் வாங்கியிருக்காரு அண்ணி. என் புள்ள மேல."

"முன்பாயை முதல்ல விரிக்கணும்னு சொல்றாரு."

ஹாரன் சட்டென்று நிமிர்ந்தான். கதவைத் திறந்து குதித்தான்.

"காத்து அண்ணி. நான் கீழ கயிறைப் பிடிச்சிட்டிருந்தேன். முன்பாய் பொசுக்குன்னு உப்பிருச்சு. பாயை விட்ருங்கண்ணே, விட்ருங்கண்ணேன்னு கத்தினேன். அவரு மூலையைக் கையில சுத்தி வச்சிருந்தாரு. அப்படியே தூக்கி அந்தப் பக்கம் போட்டுருச்சு. தலைதான் முதல்ல பட்டுது. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. போயிட்டாருன்னே நினைச்சேன். அப்புறம் கண்ணைத் திறந்தாரு." அவன் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினான். "யாராச்சும் பாத்தாங்களாடான்னு கேட்டாரு."

இருவரும் வீட்டுக்கு ஓடி வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தாள். "என்னத்துக்கு இப்படி ஓடியார்றீங்க? உன் வீட்டுக்காரர் குறட்டை சத்தம் எங்க வீடு வரைக்கும் கேக்குது. ராவும் பகலும் ஓட்டற உடம்பு, நல்லாத் தூங்கட்டும்."

அவர் குறட்டை விடுகிறவரில்லை. எத்தனை வருஷம் அந்த மூச்சுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். உலுக்கினாள். கன்னத்தில் தட்டினாள். தண்ணீரைத் தெளித்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கண்ணின் கருமணி மட்டும் விரிந்து கண்ணையே நிறைத்துக்கொண்டிருந்தது. பயம் என்றால் என்னவென்று அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பயமே இல்லை.

ஆம்புலன்ஸ் வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். தெருவில் வேறு வண்டி இல்லை. ஹாரன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கையில் கிடத்தினார்கள். அவள் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி பெரிய சாலையில் ஏறியதும் பின்னால் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. படார், படார் என்று யாரோ பெரிய கையால் லோடை அறைவது போல. மேலே முன்பாய் இல்லாததால் பின்பாயின் திறந்த விளிம்பில் காற்று புகுந்துவிட்டது.

"வேகமாப் போ தம்பி."

ஹாரன் அழுத்தினான். உடனே கயிறு ஒன்று தெறித்தது. பாய் எழும்பி ஆடுவது கண்ணாடியில் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவனின் முதுகோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெண், அவள் மடியில் சின்னதாய் ஒரு துணிப் பொதி. அது குழந்தையாகத்தான் இருக்க வேண்டும்.

"பாய் பிச்சிக்கிட்டா அவங்க மேலதான் அண்ணி விழும்," என்றான் ஹாரன். "என்ன செய்ய?"

அவள் படுக்கையோர ஜன்னல் வழியே கையை நீட்டி, ஒதுங்கு, ஒதுங்கு என்று ஆட்டினாள். அவர்களோ வழி விடுகிறார்கள் என்று நினைத்து இன்னும் நெருங்கி வந்தார்கள். மடியில் குறட்டை கனத்துக்கொண்டே போனது. அந்த மூன்று பேரையும் அவள் மனதாரச் சபித்தாள்.

"மெதுவாவே போ," என்றாள்.

வண்டி ஊர்ந்தது. ஊர்ந்த நேரமெல்லாம் அவள் தன் கையால் வைத்த இரட்டை ஒட்டையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றையாக வைத்திருந்தால் காற்று இழுத்த உடனே பிய்ந்திருக்கும். பாய் பறந்து போயிருக்கும், ஆள் மேலேயே நின்றிருப்பார். சீக்கிரத்தில் பிய்யாத தையல் என்று அவளிடம் தேடி வந்து கொடுப்பார்கள். அவளுக்கு அதில் பெருமை வேறு. இப்போது அந்தப் பெருமையை நினைத்து உடம்பெல்லாம் கூசியது.

ஒரு திருப்பத்தில் அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சுங்க."

"இறுக்கமா?"

"இறுக்கமாத்தான்."

அதன் பிறகு குறட்டை நின்றது. நின்றது நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஹாரனிடம் சொல்லவும் பயமாக இருந்தது. அவர் மார்பில் உள்ளங்கையை வைத்து, ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

ட்ரெய்லர் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழையாது. ஹாரன் அதைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, தன் முழுத் தொண்டையையும் திறந்து கத்தினான். ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் ஓடி வந்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"எப்ப விழுந்தாரு?"

"காலையில," என்றான் ஹாரன்.

"காலையிலயா?" டாக்டரம்மா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். திரை இழுக்கப்பட்டது.

அவள் பெஞ்சில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஏதோ முடிந்துவிடும் என்று தோன்றியது. சுவரோரமாக நின்று, திரைக்குக் கீழே தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கால்கள் ஓடின. பிறகு நடந்தன. பிறகு ஒரே இடத்தில் நின்றன. டாக்டரம்மா வெளியே வந்து கையுறையைக் கழற்றியபோது, சொல்ல வேண்டாம் என்பது போல இவள் தலையை ஆட்டினாள். சொல்ல வந்ததை அந்தப் பெண் அப்புறமும் சொன்னாள். அது காதில் விழுந்தது.

உறவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவள் வெளியே வந்தாள். சாலையோரம் ட்ரெய்லர் நின்றிருந்தது. பின்பாய் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. முன்பாதி லோடு திறந்து கிடந்தது, புதிதாக அறுத்த பலகைகள், மஞ்சள் பூத்த வெள்ளை நிறத்தில். அழுதுகொண்டே போனைக் காதில் வைத்திருந்த ஹாரன் அவளைப் பார்த்ததும் அதை இறக்கினான்.

முதல் துளி விழுந்தது. அடுத்தது அவன் கையில் விழுந்தது. அவன் வானத்தைப் பார்த்தான், லோடைப் பார்த்தான்.

"பலகை நனைஞ்சிரும் அண்ணி," என்றான், ஏதோ வீட்டு விஷயம் பேசுகிற குரலில். அவன் தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருக்க, கால் அதுபாட்டுக்கு டயரின் மேல் ஏறியது. ஒரு கை மேலே கயிற்றைப் பிடித்தது. இன்னொரு கால் எழும்பியது.

அவள் ஓடிப்போய் அந்தக் கணுக்காலைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்தை அவன் கால்சட்டையோடு அழுத்திக்கொண்டாள். அவன் மெதுவாக உதறிப் பார்த்தான். பிறகு அசையாமல் நின்றான்.

மழை வலுத்தது. பலகைகளின் வெளுத்த நிறம் மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் பிடியைத் தளர்த்தவில்லை.