கோட்டில் ஒட்டிய விதைகள்

மகளும் மருமகனும் சேர்ந்து செய்த சதிதான் அது என்று தையல்காரம்மாவுக்குப் பட்டது. மலைத் தோட்டத்துக்கு நால்வரும் போவதாக ஒரு வாரமாகப் பேச்சு. கிளம்புகிற அன்று காலையில் மகளுக்குத் தலைவலி. மனைவிக்குத் தலைவலி என்றதும் மருமகனுக்கும் வந்துவிட்டது. "டிக்கெட் வீணாப் போயிடும்மா, நீயும் அத்தையும் போயிட்டு வந்துடுங்க" என்று போனில் சொன்ன மகளின் குரல் கணீரென்று இருந்தது.

அத்தை என்றால் மருமகனின் அம்மா. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் பெரிய டீச்சர்தான். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் சம்பந்திகள் இருவருக்கும் இடையே "வாங்க", "சாப்பிடுங்க", "வர்றேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு வளரவில்லை. காரணம் சின்னதுதான். மகளுக்காகக் கண் விழித்துத் தைத்த கல்யாண உடையைத் தையல்காரம்மா ஆசை ஆசையாக விரித்துக் காட்டியபோது, பெரிய டீச்சர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "தோள்பட்டை கொஞ்சம் இழுக்குதோ?" என்று கேட்டுவிட்டார். இழுக்கவில்லை. ஆனால் கேட்டது கேட்டதுதான். எடுக்க மறந்த குண்டூசி மாதிரி அது தையல்காரம்மாவின் மனசுக்குள் குத்திக்கொண்டே கிடந்தது.

வேனில் ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கத்து மலையைப் பார்த்தபடி போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத்து வாசலில் இறங்கியதும் தையல்காரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"ரோஜாவே காணோமே?"

"இந்த மலையில தானா வளர்ற செடிங்க மட்டும்தான் இங்க. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர மாட்டாங்க. போர்டுல போட்டிருக்கு பாருங்க" என்றார் பெரிய டீச்சர்.

போர்டில் போட்டிருந்ததை அவர் சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர் இல்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, செடியின் பெயர், அது பூக்கும் காலம், வளரும் உயரம் என்று தலையிலிருந்து வால் வரை, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரலில் வாசித்தார். தையல்காரம்மா காதை அவரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் மேயவிட்டார். பாறை மேல் படர்ந்திருந்த பாசி அசல் வெல்வெட். இன்னொரு செடியின் சாம்பல் நிற இலையில் ஃபிளானல் துணிபோல் மெல்லிய ரோமம். கை தானாக நீண்டது.

"தொடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

கை தானாகவே திரும்பி வந்தது.

சரிவின் பாதி உயரத்தில் ஒரு போர்டு காற்றில் திரும்பி, பாதைக்கு முதுகைக் காட்டி நின்றது. வாசிக்காத போர்டை விட்டுவிட்டுப் போக பெரிய டீச்சருக்கு மனசு வரவில்லை. "பாதையை விட்டு இறங்காதீர்கள்" என்று சற்றுமுன் சத்தமாக வாசித்தவரே, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஈரப் புல்லில் ஒரு கால் வைத்தார். கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கப் போன கை, போட்டிருந்த கம்பளிக் கோட்டுக்குள் இறுகி, பாதி உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. அப்புறம் என்ன, தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வாக்கிலேயே, கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு, முதுகு கொஞ்சமும் வளையாமல், செடிகளின் மேல் சறுக்கியபடியே கீழ்ப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தார்.

தையல்காரம்மா பதறியடித்துக்கொண்டு சுற்றுப் பாதையில் ஓடினார்.

"சம்பந்தியம்மா! அடி பட்டுடுச்சா?"

"ஒண்ணுமில்ல. யாராவது பாத்தாங்களா?"

"நான் பாத்தேன்."

"உங்களைத் தவிர?"

தையல்காரம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார். கன்னத்தைக் கடித்துப் பார்த்தார். அடக்க முடியவில்லை, சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. பெரிய டீச்சர் ஒரு நொடி முறைத்தார். பிறகு அவருடைய தோளும் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள்.

எழுந்து நின்று பெரிய டீச்சர் கோட்டைத் தட்டக் கை வைத்ததும், "தட்டாதீங்க! தட்டாதீங்க!" என்று ஒரு கூக்குரல். சேறு அப்பிய பூட்ஸோடு தோட்டக்காரப் பெண் மேலிருந்து ஓடி வந்தாள். கையில் ஒரு காலிக் காகிதப் பை.

"மன்னிச்சுக்கோம்மா, பாதையை விட்டு இறங்கினது என் தப்புதான்" என்றார் பெரிய டீச்சர்.

"அதை அப்புறமா திட்டிக்கறேன். முதல்ல திரும்பி நில்லுங்க."

திரும்பினார். கம்பளிக் கோட்டின் பின்புறம் முழுக்க, இடுப்பிலிருந்து ஓரம்வரை, கொக்கி வைத்த பழுப்பு விதைகள் அப்பிக் கிடந்தன. அவர் உட்கார்ந்து வந்த வழியில் இருந்த செடி அபூர்வமானதாம். மலை ஆடுகளின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டுதான் அது இடம் மாறுமாம். இப்போது இந்தப் பக்கம் ஆடுகள் வருவதில்லை. விதை முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டதால், அது விடட்டும் என்று காத்திருந்து, இன்றைக்குத்தான் பறிக்க வந்திருக்கிறாள்.

"செடியில ஒண்ணு பாக்கியில்ல. இந்த வருஷத்து விதை பூரா உங்க பின்னாடிதான் இருக்கு" என்றாள்.

நாற்றுகள் வளர்க்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள். ஈர மண் வாசனை, சல்லடைகள், வரிசையாக நாற்றுத் தட்டுகள், மூலையில் ஒரு ஹீட்டர்.

"கோட்டைக் கழட்டிக் குடுத்துடுங்க, பொறுக்கிக்கலாம்."

"கழட்ட வராதும்மா. கையெல்லாம் அவ்வளவு இறுக்கம். காலையில என் பையன்தான் இழுத்துப் பிடிச்சு மாட்டிவிட்டான்."

"தலைவலியோடயா?" என்றார் தையல்காரம்மா.

"அவனுக்கு ஏது தலைவலி? விசில் அடிச்சுக்கிட்டுல்ல பட்டன் போட்டுவிட்டான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வீட்டுக்குப் போய் வெச்சுக்கறேன்" என்றார் பெரிய டீச்சர்.

வேறு வழியில்லாமல், வகுப்பில் நிற்க வைத்த பிள்ளையாகப் பெரிய டீச்சர் சுவரைப் பார்த்து நின்றார். தையல்காரம்மா பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியை எடுத்தார். கொக்கியை ஊசி நுனியால் நெம்பி, கம்பளியை இழுக்காமல் விதையை மட்டும் தட்டில் தள்ளினார். அந்தப் பெண் இழுத்தபோது இரண்டு உடைந்தன. அதற்குமேல் அவள் தட்டு பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஊசியை ஓட்டியபடியே தையல்காரம்மா ஆரம்பித்தார்.

"கம்பியைப் பிடிக்க முடியாமத்தானே விழுந்தீங்க? வேன்ல ஏறும்போதே பாத்தேன், அக்குள்ல அளவு சரியில்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீங்களும் கேட்டிருக்கலாமே?"

"உங்ககிட்டயா? உங்க தையல்ல நொட்டை சொன்ன வாயாலயா?" பெரிய டீச்சர் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். "அன்னிக்கு அந்த டிரெஸ்ஸைப் பாத்ததும் எனக்குப் பேச்சே வரல. அவ்வளவு நல்லா இருந்துச்சு. எதையாவது சொல்லணுமேன்னு வாயைத் திறந்தேன், அந்தப் பாழாப்போன தோள்பட்டை வந்து விழுந்துடுச்சு. ஆயுசு பூரா நோட்டு திருத்தின புத்தி. எங்க போகும்?"

தையல்காரம்மாவின் ஊசி அப்படியே நின்றது. "இழுக்கல" என்றார் கடைசியில்.

"இழுக்கவே இல்ல" என்றார் பெரிய டீச்சர்.

ஊசி மறுபடி ஓடத் தொடங்கியது. ஓரத்து விதைகள் முடிந்ததும், "அக்குள் தையலைப் பிரிச்சு விட்டுடட்டுமா? வீட்டுல துண்டு வெச்சு நல்லாத் தைச்சுத் தர்றேன்" என்றார்.

"பிரிங்க. உங்க இஷ்டம்."

இரண்டு பக்கமும் தையல் பிரிந்தது. பெரிய டீச்சர் மெதுவாகக் கையைத் தூக்கினார், பாதிவரை, தோள்வரை, பிறகு தலைக்கு மேல். "அப்பாடா!" என்று அவர் விட்ட மூச்சில் தட்டிலிருந்த விதைகளே ஆடின.

தோட்டக்காரப் பெண் தேநீர் கொடுத்தாள். திட்டுவதாகச் சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள். விதைகளைக் காயவைத்துத் தூவப் போவதாகவும், அடுத்த மாசம் நாற்று கிளம்பினால் பிரித்து நட ஆள் வேண்டும் என்றும் சொன்னாள்.

"நாங்க வர்றோம்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

உச்சிவரை ஏறிவிட்டுத்தான் திரும்புவது என்று பெரிய டீச்சர் பிடிவாதமாக நின்றார். வேன் கிளம்பும் நேரத்துக்கு மூச்சு வாங்க ஓடிவந்து, டிரைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வேன் முதல் வளைவில் திரும்புவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. அடுத்த மாசத்துக்கு யார் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது என்று.

"நான்தான் பெரியவ, நான்தான் கொண்டுவருவேன்" என்றார் பெரிய டீச்சர்.

"வயசுல பெரியவங்க சரி. சமையல்ல?"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இருவரும் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.