இடியப்ப உரல் தேடிப் போனவள்

குருநகரில் ஷெல் விழத் தொடங்கிய நாட்களில் பிள்ளைகளோடு ஓடிவந்த லூர்த்தம்மா, சண்டிலிப்பாயில் பாலேஸ்வரி வீட்டோடு ஒட்டியிருந்த பத்தியறையில் மூன்று வருடம் இருந்தாள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசியில் அவளுடைய தமையன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் கொண்டுவந்து அவர்களை அச்சுவேலிக்கு ஏற்றிப்போனபோது, பாலேஸ்வரி புகையிலைத் தோட்டத்தில் நின்றாள். வீடு திரும்பினால் பத்தி வெறுமையாகக் கிடந்தது. அடுத்த நாள் பார்த்தால் குசினியில் இடியப்ப உரலையும் காணவில்லை.

பாலேஸ்வரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிணற்றடிக்குப் போய் வெறும் வாளியோடு திரும்பி வந்தாள். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டாள். பத்தியைத் திறந்து பார்ப்பதும் பூட்டுவதுமாக மூன்று கிழமை போனது.

"சந்தையிலை வேறை ஒண்டு வாங்குவம். உதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்றார் புருசன் நடராசா.

"வேறை வேண்டாம். என்ரைதான் வேணும்."

மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதிர்காற்றில் மிதிக்க மிதிக்க, கேட்க வேண்டிய கேள்விகள் வாய்க்குள் திரண்டன.

அச்சுவேலியில் லூர்த்தம்மா வீட்டு விறாந்தையில் யாரோ ஒருத்தி அந்த உரலில் மாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அற்புதராணியாம். லூர்த்தம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் பாலேஸ்வரிக்குச் சுட்டது.

"உரலை எடுக்க வந்தனான்."

லூர்த்தம்மாவின் முகம் மாறியது. "வேணுமெண்டுதான் கொண்டு வந்தனான், பாலேசு."

"என்ன?"

"உன்னட்டைச் சொல்லிப்போட்டு வாறன் எண்டு கெஞ்சினன். அண்ணை பொறுத்து நிக்கேல்லை. சேதி அனுப்பினால் தோட்டம் தோட்டமெண்டு நிண்டிடுவாய். உரலெண்டால் சண்டைக்கெண்டாலும் வருவாய்."

"மூண்டு கிழமையா உன்னைக் கள்ளி எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சனான்!" பாலேஸ்வரியின் குரல் உடைந்தது.

"கள்ளிதானே," என்று லூர்த்தம்மாவும் அழுதாள். அற்புதராணி சத்தம் போடாமல் எழும்பிப் போய்விட்டாள்.

மிச்ச மாவை இருவருமாகப் பிழிந்து, அவித்து, சம்பலோடு சாப்பிட்டார்கள். கழுவிய உரலைச் சைக்கிள் கரியரில் லூர்த்தம்மாவே கட்டினாள்.

"இனி என்னத்துக்கு வரப்போறாய்?"

உன்னைப் பார்க்க என்று சொல்லப் பாலேஸ்வரிக்குக் கூச்சமாக இருந்தது. "உன்ரை வளவு சும்மா கிடக்குது. மற்றக் கிழமை கத்தரிக்கன்று கொண்டாறன்."

இரண்டு கட்டை தூரம் போயிருப்பாள், வானத்தில் பொம்மர் இரைந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு மதகடியில் குந்தினாள். குண்டுச் சத்தம் நிலத்தை அதிரவைத்தது.

"எந்தப் பக்கம் ஐயா?" என்று பக்கத்தில் குந்தியிருந்தவரைக் கேட்டாள்.

"அச்சுவேலிப் பக்கம் போலை. இல்லாட்டிக் கடலுக்கை. எனக்கு என்னெண்டு தெரியும், பிள்ளை?"

அவள் சைக்கிளைத் திருப்பினாள். விழுந்ததில் விலகிய சங்கிலியை இழுத்து மாட்டிக்கொண்டு மிதித்தாள். பாதி வழியில், செருப்பும் இல்லாமல் எதிரே ஓடிவந்துகொண்டிருந்தாள் லூர்த்தம்மா.

"எங்கையடி ஓடுறாய்?"

"உன்னைப் பாக்கத்தான். நீ றோட்டிலை நிண்டிருப்பாயே. குண்டு வயலுக்கை விழுந்தது, எங்களுக்கு ஒண்டுமில்லை."

பாலேஸ்வரி சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டு நடந்தாள். சந்தி மட்டும் வந்துவிட்டுத் திரும்புவதாகச் சொன்ன லூர்த்தம்மா, சந்தியைத் தாண்டியும் கூடவே வந்தாள்.