சுருள் காய்ந்தால் பழம்

குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்ட தமீம் அன்சாரி, திருப்பாதிரிப்புலியூரில் தன் வீட்டுக் கொல்லையில் தர்பூசணி போட்டார். தரையில் படர இடமில்லை. மூங்கில் பந்தல் கட்டி ஏற்றிவிட்டார். கொடி ஏறியது, பூத்தது, காய் மட்டும் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் தேனீயே வருவதில்லை என்று புரிந்ததும், காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தானே தேய்த்துவிட ஆரம்பித்தார்.

மனைவி நஸீமா துணி காயப்போட்டபடி பார்த்தாள். "நம்ம பொண்ணுக்கு மாப்ள பாக்கச் சொன்னா நேரமில்லன்றீங்க. பூவுக்கெல்லாம் பாக்குறீங்க."

பல பிஞ்சுகள் வெம்பி விழுந்தன. ஒன்று நின்றது. அது குடம்போலப் பருத்ததும், கனம் தாங்காமல் காம்பு இற்றுவிடுமோ என்று பயந்து, நஸீமாவின் துப்பட்டாவைத் தூளிபோலக் கட்டி அதில் காயைக் கிடத்தினார். போன பெருநாளைக்கு எடுத்த துப்பட்டா. அவள் இரண்டு நாள் பேசவில்லை.

நஸீமாவின் அண்ணன் அப்துல் ஜலீல் மார்க்கெட்டில் பழ மண்டி வைத்திருப்பவர். வரும்போதெல்லாம் காயைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"பழுக்காது மச்சான். நம்ம மண்டில ஒண்ண எடுத்துக்கிட்டுப் போங்க."

"தட்டாதீங்க மச்சான், அது என்ன கதவா? காம்புகிட்ட கம்பி மாதிரி ஒரு சுருள் இருக்கு பாருங்க, அது காயணும். காஞ்சாதான் பழம்."

நோன்பு மாதம் பிறந்தது. அன்சாரி தினமும் சுருளைப் பார்த்தார். அது பச்சையாகவே இருந்தது.

ஒரு நாள் துப்பட்டா ஒரு பக்கம் தொய்ந்திருப்பதை நஸீமா கண்டாள். இழுத்துக் கட்டும்போது விரல் பட்டு அந்தச் சுருள் ஒடிந்து, நாரில் தொங்கியது. அதை இலைக்கு அடியில் ஒதுக்கிவிட்டாள். நோன்பு திறந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அப்புறம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள்.

இரண்டொரு நாளில் அன்சாரி கொல்லையிலிருந்து ஓடிவந்தார். "காஞ்சிடுச்சு நஸீமா." அவள் வாயைத் திறப்பதற்குள் ஜலீலுக்குப் போன் போட்டுவிட்டார். "மச்சான், இன்னிக்கி நோன்பு தெறக்க இங்க வந்துடுங்க. மண்டியிலேருந்து ஒண்ணும் எடுத்தாராதீங்க."

சாயங்காலம் ஜலீல் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். பாங்குக்குச் சற்று முன்னால் அன்சாரி பிஸ்மி சொல்லிக் கத்தியை இறக்கினார். பழம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே சுரைக்காய்போல வெள்ளைவெளேரென்று இருந்தது.

நல்லவேளையாகப் பாங்கு சொன்னார்கள். எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். அன்சாரி கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜலீல் மெதுவாக, "வண்டில ஒண்ணு கெடக்கு, எடுத்தாரவா?" என்றார். அந்தக் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அன்சாரிக்கு இன்னும் வலித்தது.

நஸீமாவால் தாங்க முடியவில்லை. "அண்ணே, அவுங்க மேல தப்பில்ல. சுருள் தானா காயல. துப்பட்டாவ இழுத்துக் கட்டுறப்ப நான்தான் ஒடிச்சிட்டேன்."

அன்சாரி நிமிர்ந்தார். ஜலீல் தங்கைக்காகப் பரிந்து பேசத் தயாரானார்.

"நீ ஒடிச்சியா?"

"ஆமாங்க."

"அப்ப நான் சொன்ன கணக்கு தப்பில்ல."

"தப்பில்ல."

"விட்டிருந்தா பழுத்திருக்கும்."

"பழுத்திருக்குங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தார். "கேட்டீங்கள்ல மச்சான்? இப்ப போயி உங்க பழத்த எடுத்தாங்க." ஜலீல் கொண்டுவந்த பழம் ரத்தச் சிவப்பாக இருந்தது. அன்சாரி ஒரு துண்டு தின்று யோசித்தார். "தண்ணி ஜாஸ்தி" என்றார்.

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு நஸீமா அந்த வெள்ளைக் காயைத் தோல் சீவி, எலும்போடு தால்ச்சாவில் போட்டாள். அன்றைக்கு நோன்பு திறக்கிற நேரத்துக்கு அண்ணன் வீட்டுக்கும் ஒரு தூக்கு கொடுத்தனுப்பினாள். இரவு தராவீஹ் தொழுகை முடிந்து ஜலீல் போன் செய்தார்.

"தால்ச்சா சூப்பர்மா. அது என்ன காய்?"

நஸீமா பதில் சொல்வதற்குள் அன்சாரி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"உங்க மண்டில அது கெடைக்காது மச்சான்."