பட்டினி ரத்தம்

பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, மோகன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் டப்பாவ உள்ள எடுத்துகினு போ துர்கா. ரத்தம் புடிக்கிற டப்பாவ அப்பாவாண்ட வெச்சிகினு கீற. பாக்குறவன் இன்னா நெனப்பான்?"

துர்காதேவி நீல டப்பாவைத் தூக்கிப் போய் அறையில் வைத்தாள். காலையில் அதோடுதான் ஊரில் வந்து இறங்கினாள். அன்று ரத்தம் எடுக்கும் நாள். முதல் ஆள் எப்போதும் அப்பாதான். ஆறு மணிக்கு எழுப்பினாள், எல்லப்பன் எழுந்திருக்கவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சர்க்கரை இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது என்றார் டாக்டர். ராத்திரி சாப்பிடாமல் படுத்திருப்பார் என்று அவளே டாக்டருக்கு விளக்கம் சொன்னாள். விளக்கம் சொல்வதில் அவளுக்கு நான்கு வருஷப் பழக்கம்.

மூலக்கூறு ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. ஊரில் அதற்குச் 'சோத்துப் படிப்பு' என்று பெயர். சாமைச் சோறு தின்றால் சர்க்கரை நோயாளியின் ரத்த அணுக்களில் என்ன மாறுகிறது என்று பார்க்க நாற்பத்தோரு பேர் தேவைப்பட்டார்கள். சேர்த்துக் கொடுத்தவர் எல்லப்பன். ஊர்த் தண்ணீர் டேங்கைத் திறந்துவிடுகிறவர் கேட்டால் யார் மறுப்பார்கள்? என்ன தின்றோம் என்று எழுதச் சொல்லி நோட்டுக் கொடுத்தால், அதில் பால் கணக்கு எழுதி வைக்கிற கூட்டம் அது. துர்காவுக்கு அவர்களைக் கண்டால் இளக்காரம். ஆனால் அவர்கள் ரத்தம் வேண்டியிருந்தது.

காலைப் பட்டினி ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி மட்டும் அசையவில்லை. இரண்டும் ஒத்துப்போகாத விஷயம். கொஞ்சம் மூளை இருக்கிறவள் அங்கேயே நின்று யோசித்திருப்பாள். "இதுதாம்மா உன் தீசிஸே" என்றார் கைடு வத்சலா. துர்காவும் அதற்கென்று ஒரு மரபணுவைத் தேடிப் பிடித்து, அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து, மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் நடந்த கருத்தரங்கில் பரிசும் வாங்கினாள். எல்லப்பன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல் கைதட்டினார். மத்தியானம் தட்டு நிறைய வெள்ளைச் சோற்றோடு அவரைப் பார்த்ததும், "உன்னாலதான் என் டேட்டா நாசமாவுது" என்று எல்லோர் எதிரிலும் சீறினாள். அவர் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அறைக்குள் வேண்டா வந்தாள். எல்லப்பனின் ஒன்றுவிட்ட தங்கை, ஆராய்ச்சியில் ஒன்பதாம் நம்பர். அழுது முடித்த முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து நானும் ரெண்டு போட்டுகினு படுத்தேன் பாப்பா. வீணா பூட்ச்சு. மறுக்கா எப்ப ரத்தம் எடுப்பேன்னு சொல்லிடு."

"இன்னா அத்த போட்ட?"

"சுகரு மாத்திரதான். ஆஸ்பத்திரில எண்ணித்தானே குடுக்கறாங்க? மத்த நாள்ல வுட்டு வுட்டுப் போட்டு மிச்சம் புடிச்சி வெப்போம். நீ வரதுக்கு மொத நாளு ராவு ரெண்டாப் போட்டுக்குவோம். உங்கப்பன் மூணு போடுவான், சோறும் துன்ன மாட்டான். நெம்பரு கம்மியா வந்தாத்தான் பாப்பா பாஸ் ஆவும்னு வூடு வூடா வந்து சொல்லிட்டுப் போவான்." குரலைத் தாழ்த்தினாள். "நீ கவலப்படாத. யாராண்டயும் வாயத் தொறக்க மாட்டோம்."

துர்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். முட்டாள் ஜனம். தங்கள் ரத்தத்தில் அவளுக்கு யாரோ மார்க் போடுவதாக நினைத்திருக்கிறார்கள். அப்புறம்தான் அந்த மூன்று மாத்திரை உறைத்தது. அம்புக்குறி போட்டுப் படம் வரைந்த முட்டாள் யார் என்பதும் உறைத்தது.

போன் அடித்தது. வத்சலா.

"ரொம்ப சாரி துர்கா." ஒரு நிமிஷம் கூட இல்லை, ஒரு மூச்சு இடைவெளி விட்டார். அது அஞ்சலி. "அந்த லாஸ்ட் செட் வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமா? மெஷின் புக் பண்ணியாச்சு."

துர்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதெல்லாம் எழுத்துல இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப நீ கேக்கவே இல்ல. ஷாக்ல இருக்க. அப்பாவை டிராப் அவுட்னு போட்டுக்கோ. மத்தவங்க ஒரு தடவ குடுத்துட்டா முடிஞ்சது."

டிராப் அவுட். பாதியில் விலகிக்கொண்டவர். அந்த ஆள் பாதியில் விலகியிருந்தால் இப்போது டேங்கைத் திறந்துவிடப் போயிருப்பார். துர்கா போனை வைத்தாள்.

வாசலில் மோகனைத் தனியே இழுத்துச் சொன்னாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இப்ப இன்னா, பந்தல்ல நின்னு சொல்லப் போறியா? போலீஸு அது இதுன்னு பேஜாரு ஆவும். வாய மூடிகினு பட்டத்த வாங்கு. அதுக்குத்தான அந்த மனுசன் பூட்டாரு."

"வெள்ளிக்கெழம நான் வரேன்னா இவங்க வியாழக்கெழம ராவு போடுவாங்கண்ணா."

"போடாதன்னு தனியா சொல்லு."

"தனியா சொன்னா, சும்மா ஒப்புக்குச் சொல்றேன்னு நெனச்சிப் போடுவாங்க."

அவன் ஒயரைச் சரிசெய்யப் போய்விட்டான்.

பந்தலில் நாற்பது பேரும் இருந்தார்கள். ரத்தம் எடுக்கிற நாளில் ஒருநாள்கூட இப்படி முழுசாக வந்ததில்லை. துர்கா மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். மேளம் நின்றது.

"அப்பா சும்மா சாவல. சுகரு மாத்திர மூணு போட்டுகினு பட்டினியா படுத்தாரு, அதுல செத்தாரு. எனக்காவப் போட்டாரு. நீங்களும் போட்டிருக்கீங்க, எனக்குத் தெரியும். இனிமே ஒருத்தரும் போடாதீங்க. தெனம் போடற மாத்திரையவும் நிறுத்தாதீங்க. நான் ரத்தம் எடுக்க வரமாட்டேன்."

"துக்கத்துல இன்னாவோ பேசுது" என்றாள் ஒருத்தி.

முன்வரிசையில் இருந்த வெங்கடேசன், எல்லப்பனோடு டேங்கில் வேலை பார்த்தவர், மெதுவாகக் கேட்டார். "அப்ப பாப்பா பெயிலா?"

"ஆமா பெரியப்பா. பெயிலு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லப்பனைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். அதற்குள் வேண்டா வீட்டுக்குப் போய்த் திரும்பிவந்து, பாதி பிய்த்த மாத்திரை அட்டை ஒன்றை துர்காவின் கையில் வைத்தாள்.

"உனக்குன்னு மிச்சம் புடிச்சது. நீயே வெச்சிக்க."

வெங்கடேசன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்னொருவர். பெண்கள் முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வைத்துவிட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

"மக வந்து வாய்க்கரிசி போடு" என்று யாரோ அரிசித் தட்டை நீட்டினார்கள். அவளுடைய இரண்டு கையிலும் மாத்திரை அட்டைகள். எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.